பத்து விரல், 1,024 அறை: கைரேகை அறிவியல் பிறந்த கதை

1858 ஜூலை மாதம். வங்காளத்தில் ஜங்கிபூர் என்ற ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் சாலைக்குப் போடச் சரளை தேடிக்கொண்டிருந்தார். ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரிடம் 2,000 மணங்குக்குப் பேசி முடித்தார். ஒப்பந்தத்தைக் கோனாயே தன் கையால் வங்காளியில் எழுதினார். வழக்கம்போல் தாளின் மேல் மூலையில் கையெழுத்துப் போடப்போனவரை ஹெர்ஷல் நிறுத்தினார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை எடுத்துக் கோனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசினார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் முழுக் கையையும் அழுத்திப் பதியவைத்தார்.

எழுதத் தெரியாதவர் வைப்பதுதான் கைநாட்டு என்று நாம் நினைக்கிறோம். கோனாய்க்கோ எழுத்து தெரியும், கையெழுத்தும் வரும். ஹெர்ஷலின் நோக்கம் வேறு. பின்னால் ஒருநாள் ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று சொல்லும் எண்ணமே கோனாய்க்கு வரக் கூடாது, அதற்காக அவரைக் கொஞ்சம் மிரட்டி வைப்பதற்கே அப்படிச் செய்ததாக அவரே தம் முதுமையில் எழுதினார். சிப்பாய்ப் புரட்சியின் சூடு ஆறாத வருஷம் அது. ஆள்பவர்களுக்கு இந்த மண்ணின் மக்கள் மேல் துளி நம்பிக்கையும் இல்லாத காலம். உலகமெங்கும் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் இன்று ஆட்சி செய்யும் ஓர் அறிவியல் இந்த அவநம்பிக்கையிலிருந்துதான் தொடங்கியது. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மீதிக் கதையைப் படிக்க வேண்டும்.

ஹெர்ஷல் வானியலாளர் குடும்பத்துப் பிள்ளை. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் அவருடைய தாத்தா. உற்றுப் பார்ப்பதும் குறித்துவைப்பதும் பரம்பரைக் குணமாக வந்திருக்க வேண்டும். கோனாயின் கையோடு விடாமல், நண்பர்கள், ஊழியர்கள், தெரிந்தவர்கள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ரேகை வாங்கிச் சேர்த்தார். தம்முடைய ரேகையையும் ஆண்டுகள் விட்டுவிட்டு எடுத்து ஒப்பிட்டார். தோல் சுருங்கியது, முடி நரைத்தது, ரேகை மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட அந்தச் சோதனைதான் இந்தத் துறையின் முதல் பெரிய சொத்து.

1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ரேகையை அரசாங்க வேலைக்கே கொண்டுவந்தார். செத்துப்போனவர் பெயரில் இன்னொருவர் பென்ஷன் வாங்குவது, சிறைத் தண்டனையைக் கூலிக்கு ஆள் வைத்து அனுபவிப்பது, பத்திரம் பதிந்துவிட்டு அப்புறம் மறுப்பது என்று ஆள்மாறாட்டம் பலவகை. எல்லாவற்றுக்கும் விரல் ரேகை ஒரு தடுப்பு என்று சிறைத்துறை மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார். ஊக்கம் தரும் பதில் வரவில்லை. அடுத்த வருஷம் உடல் தளர்ந்து இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஹூக்ளியில் தொடங்கிய பழக்கமும் அவரோடு நின்றுபோனது.

அதே காலத்தில், இவரைப் பற்றி எதுவும் தெரியாமல், ஜப்பானில் இன்னொருவர் இதே வழியில் நடந்துகொண்டிருந்தார். ஹென்றி ஃபால்ட்ஸ், ஸ்காட்லாந்துக்கார மருத்துவர், தோக்கியோவின் சுகிஜி பகுதியில் மிஷன் மருத்துவமனை நடத்தியவர். ஊருக்கருகே ஓமோரியில் பழங்காலச் சிப்பி மேடுகளைத் தோண்டியபோது மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. ஈரக் களிமண்ணில் குயவரின் விரல் பட்ட இடங்களில் ரேகைகள் காய்ந்து உறைந்து நின்றன. அதைப் பார்த்தவர் உயிரோடிருப்பவர்களின் விரல்களைப் பார்க்க ஆரம்பித்தார். விரல் நுனித் தோலை மழித்தெடுத்துவிட்டு, வளர்ந்த பிறகு பார்த்தார். பழைய கோடுகளே திரும்பி வந்தன. 1880 அக்டோபர் 28 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் அவர் கடிதம் வந்தது. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரேகையை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று அச்சில் முன்வைத்த முக்கியமான முதல் குரல் அது. அடுத்த மாதமே ஹெர்ஷலும் அதே இதழுக்கு எழுதினார்: இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பயன்படுத்தி வந்தவன் நான். யார் முதல் என்ற சண்டை அன்று தொடங்கி இருவரின் முதுமை வரை ஓடியது.

ஃபால்ட்ஸ் அந்த வருஷமே சார்லஸ் டார்வினுக்கும் எழுதியிருந்தார். டார்வினுக்கு வயதாகிவிட்டது, உடல்நலமும் சரியில்லை. கடிதத்தைத் தம் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டனுக்கு அனுப்பினார். கால்டன் அதை ஒரு மானுடவியல் சங்கத்திடம் கொடுத்ததோடு சரி. பல ஆண்டுகள் கழித்து அதே கால்டன்தான் கைரேகையில் இறங்கி 1892இல் புத்தகம் எழுதிப் பெயரெடுத்தார். ஃபால்ட்ஸுக்கு நேர்ந்தது அநியாயம் என்றே சொல்வேன்.

இத்தனைக்கும் பிறகு கைரேகையைப் போலீஸ் ஏன் கையிலெடுக்கவில்லை? இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகிற முடிச்சு இதுதான். இரண்டு ரேகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றா வேறா என்று ஓரளவு பயின்ற கண் சொல்லிவிடும். ஆனால் பக்கத்தில் வைக்க வேண்டிய அந்த இரண்டாவது ரேகையை எங்கே போய்த் தேடுவது? பழைய குற்றவாளி ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் புதுப் பெயர் சொல்வான். பெயர் பொய் என்றால் அகரவரிசைப் பதிவேடு எதற்கும் உதவாது. பத்தாயிரம் அட்டைகள் அடுக்கில் இருந்தால் பத்தாயிரத்தையும் புரட்ட வேண்டும். ரேகையை வரிசைப்படுத்த வழி இல்லாதவரை அது ஒரு வேடிக்கைப் பொருள்தான்.

இந்த இடத்தில்தான் பாரிஸ் போலீஸ் குமாஸ்தா அல்போன்ஸ் பெர்த்தியோன் ஜெயித்தார். ஆளின் தலை நீளம், தலை அகலம், நடுவிரல் நீளம், இடது பாதம், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை என்று 11 அளவுகளை எடுத்து, ஒவ்வோர் அளவையும் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்து அட்டைகளை அடுக்கினார். அளவு தெரிந்தால் எந்த இழுப்பறை என்று தெரிந்துவிடும். 1883 பிப்ரவரியில் பொய்ப்பெயர் சொன்ன பழைய கைதி ஒருவனை இந்த முறையில் கண்டுபிடித்துக் காட்டினார். பல நாடுகள் அதைப் பின்பற்றின. வங்காளமும் பின்பற்றியது.

எட்வர்ட் ஹென்றி 1891இல் வங்காளத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். அளவெடுக்கும் முறையை அவர் மாகாணம் முழுக்கப் பரப்பினார். சிக்கல் உடனே தெரிந்தது. ஒரே ஆளை இரண்டு கான்ஸ்டபிள்கள் அளந்தால் இரண்டு அளவு வந்தது. கருவி தேய்ந்தால் அளவு மாறியது. வளரும் வயதுப் பையனின் அளவு மூன்று வருஷத்தில் செல்லாக்காசு ஆனது. ஹென்றி கால்டனின் புத்தகத்தைப் படித்தார், லண்டன் சென்றபோது அவரை நேரிலும் பார்த்தார். ரேகையின் உறுதி அவருக்குப் புரிந்தது. வரிசைப்படுத்தும் வழி மட்டும் கால்டனிடம் சரியாக இல்லை.

அந்த வழி பிறந்தது கல்கத்தாவில். போட்டவர்கள் இரண்டு வங்காளிகள்.

காஜி அஜிசுல் ஹக், இன்று வங்கதேசத்தில் இருக்கும் குல்னா பக்கத்து ஊர்க்காரர். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். கணக்கில் கெட்டிக்காரப் பையன் வேண்டுமென்று ஹென்றி கேட்டு வாங்கி, 1892இல் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்த்துக்கொண்டார். கூட வந்து சேர்ந்தவர் ஹேம் சந்திர போஸ். இருவரும் ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகளோடு உட்கார்ந்தார்கள்.

அவர்கள் கண்ட வழியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், அதன் அழகு அதில்தான் இருக்கிறது. விரல் நுனிக் கோடுகளை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் மூன்று குடும்பங்கள். வில்லாக வளைந்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது வளைவு. நுழைந்த பக்கமே திரும்பி வெளியேறுவது கண்ணி. சுற்றிச் சுற்றி வட்டமாக நிற்பது சுழி. கண்ணிதான் அதிகம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு. வளைவு மிகக் குறைவு, நூற்றில் ஐந்து போல. மூன்றாகப் பிரித்து அடுக்கினால் பெருங்குவியல்தான் மிஞ்சும். அதனால் கேள்வியைச் சுருக்கினார்கள்: இந்த விரலில் சுழி உண்டா, இல்லையா? அவ்வளவுதான்.

வலது கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2 என்று தொடங்கி இடது சுண்டுவிரல் 10 வரை எண் கொடுக்கிறோம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடி. முதல் ஜோடியில் எந்த விரலில் சுழி இருந்தாலும் அதற்கு 16 மதிப்பு. அடுத்த ஜோடிக்கு 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்குப் பூஜ்யம். இரட்டை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி மேலே எழுதுகிறோம், ஒற்றை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டிக் கீழே எழுதுகிறோம், இரண்டோடும் ஒன்று சேர்க்கிறோம். ஒருவருக்கு வலது கட்டைவிரலிலும் வலது மோதிர விரலிலும் மட்டும் சுழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோதிர விரல் எண் 4, மதிப்பு 8, மேலே 9. கட்டைவிரல் எண் 1, மதிப்பு 16, கீழே 17. அவருடைய சீட்டு 9/17 என்ற அறைக்குப் போகும். மேலே 1 முதல் 32 வரை, கீழே 1 முதல் 32 வரை. மொத்தம் 1,024 அறைகள். பக்கத்துக்கு 32 புறாக்கூடு வைத்த ஓர் அலமாரி போதும். பெயரைப் பற்றிக் கவலையே இல்லை. எந்தப் பொய்ப்பெயரோடு வந்தாலும் அவன் விரல்களே தன் சீட்டு இருக்கும் அறையின் எண்ணைச் சொல்லிவிடும். கூட்டம் சேரும் அறைகளுக்குள், கண்ணியின் கோடுகளை எண்ணி மேலும் உட்பிரிவு செய்தார்கள்.

இருக்கிறது, இல்லை என்ற இரண்டே விடைகளையும் இரண்டின் அடுக்குகளையும் வைத்து ஒரு மனிதனுக்கு முகவரி எழுதிய கணக்கு இது. கணினி இல்லாத காலத்தில், மை படிந்த சீட்டுகளை வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1897 தொடக்கத்தில் இந்திய அரசு இரண்டு பேர் குழுவைப் பரிசோதிக்க அனுப்பியது. ஒருவர் சர்வேயர் ஜெனரல் சார்லஸ் ஸ்ட்ராகன், மற்றவர் வேதியியலாளர் அலெக்சாண்டர் பெட்லர். அளவெடுப்பதைவிடக் கைரேகை எளிது, செலவு குறைவு, வேகம், உறுதி என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 1897 ஜூன் 12இல் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் அது ஏற்கப்பட்டது. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கில் கைரேகைப் பிரிவு வேலையைத் தொடங்கியது. லண்டனுக்கு நான்கு ஆண்டு முந்தியது கல்கத்தா.

அந்த வருஷமே அதற்கு ஒரு சோதனையும் வந்தது.

பூட்டான் எல்லையை ஒட்டிய ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி திறந்து கிடந்தது. சந்தேகப்பட ஆள்களுக்குக் குறைவில்லை. மேனேஜர் கண்டிப்பானவர், தோட்டத்துக் கூலிகளுக்கு அவர் மேல் கோபம் இருந்தது. சமையல்காரரின் துணியில் ரத்தக் கறை இருந்தது. மேனேஜருக்குத் தொடர்பிருந்த பெண்ணின் உறவினர்கள் பகை கொண்டிருந்தார்கள். காபூலிகள் கூட்டம் ஒன்று பக்கத்தில் கூடாரமடித்திருந்தது. அவரால் சிறைக்குப் போன பழைய வேலைக்காரன் காங்காலி சரண் என்பவனும் இருந்தான். அன்றைய வழக்கப்படி விசாரணை நடந்திருந்தால் சமையல்காரர் தப்பியிருப்பாரா என்பது சந்தேகமே. கறை படிந்த துணிக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மேனேஜரின் பெட்டியில் காகிதங்களுக்கு நடுவே நீல அட்டை போட்ட வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தது. அட்டையில் மங்கலாக இரண்டு பழுப்புத் தீற்றல்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒன்று கட்டைவிரல் ரேகையின் பகுதி என்று தெரிந்தது. பஞ்சாங்கம் கல்கத்தாவுக்குப் போனது. அங்கே பழைய தண்டனையின்போது எடுத்த காங்காலி சரணின் சீட்டு இருந்தது. வலது கட்டைவிரல் பொருந்தியது. வீர்பூம் மாவட்டத்தில் இருந்த அவனைப் பிடித்துக் கொண்டுவந்து, மறுபடியும் ரேகை எடுத்து ஒப்பிட்டார்கள். அதுவும் பொருந்தியது.

வேதியியல் ஆய்வாளரும் தம் பங்கைச் செய்தார். சமையல்காரரின் துணியில் இருந்தது புறா ரத்தம். எஜமானின் சாப்பாட்டுக்குப் புறா அறுத்தேன் என்று அவர் சொன்னது மெய். பஞ்சாங்கத்தின் மேல் இருந்தது பாலூட்டி ரத்தம். பறவைகளின் சிவப்பணு நீள்வட்டம், நடுவில் உட்கரு இருக்கும். பாலூட்டிகளுடையது வட்டம், உட்கரு இல்லை. நுண்ணோக்கி வைத்தே இவ்வளவும் சொல்லலாம். அது மனித ரத்தம்தானா, ஆட்டு ரத்தமா என்று அன்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சோதனையை ஜெர்மனியில் பால் ஊலன்ஹுத் கண்டுபிடித்தது 1901இல். தடயவியல் என்று நாம் இன்று ஒரே பெயரில் அழைக்கும் துறைக்குள் வேதியியலும் ரேகையும் ஒரே வழக்கில் இப்படித் தோள்சேர்ந்து நின்றன. ஒன்று அப்பாவியைக் காத்தது, மற்றது ஆளைக் காட்டியது. இந்தியாவில் வேதியியல் ஆய்வாளர் அலுவலகம் முதலில் தொடங்கியது சென்னை மாகாணத்தில், 1849இல் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

1898இல் தீர்ப்பு வந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இது. காங்காலி சரண் கொலை செய்ததை யாரும் பார்க்கவில்லை. பஞ்சாங்கத்தை அவன் தொட்டான் என்பதுதான் ரேகை சொன்ன சேதி. பெட்டியைக் குடைந்தவன் அவன் என்று அதிலிருந்து சொல்லலாம், கத்தி பிடித்தவன் அவனே என்று சொல்ல அது போதாது. ஆகவே நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்க மறுத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புதிய அறிவியலின் பளபளப்பில் மயங்காமல், சாட்சி எதைச் சொல்கிறதோ அதை மட்டும் கேட்ட தீர்ப்பு. அடுத்த வருஷம், 1899இன் ஐந்தாம் சட்டம் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விரல் ரேகை வல்லுநரின் கருத்தையும் சேர்த்தது.

அதற்குள் உலகின் மறுகோடியில், அர்ஜென்டினாவின் நெகோசேயா என்ற ஊரில், 1892இலேயே ஒரு வழக்கு ரேகையால் தீர்ந்திருந்தது. தன் இரு குழந்தைகளைக் கொன்றுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போட்ட பிரான்சிஸ்கா ரோஹாஸ், கதவில் பதிந்த ரத்த ரேகை தன்னுடையது என்று காட்டப்பட்டதும் ஒப்புக்கொண்டாள். அங்கே ஹுவான் வுசெட்டிச் தனியாக ஒரு வகைப்பாட்டு முறையை உண்டாக்கியிருந்தார். லத்தீன் அமெரிக்க நாடுகள் அவர் முறையில் போயின, ஆங்கிலம் ஆண்ட நாடுகள் கல்கத்தா முறையில் போயின.

ஹென்றி லண்டனுக்கு மாற்றலானார். 1901 ஜூலையில் ஸ்காட்லாண்ட் யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1905இல் டெப்ட்ஃபோர்டு என்ற இடத்தில் பெயின்ட் கடை நடத்திய வயதான தம்பதி அடித்துக் கொல்லப்பட்டார்கள். பணப்பெட்டித் தட்டில் கிடைத்த ஒரு கட்டைவிரல் ரேகை ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் இருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. ஒற்றை விரலின் ரேகையை மட்டும் நம்பக் கூடாது என்ற கருத்தோடு எதிர்த்தரப்புக்கு உதவ வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபால்ட்ஸ்!

ரேகை ஏன் மாறுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாயின் வயிற்றில் கரு மூன்றாம் மாதத்தை நெருங்கும்போது விரல் நுனித் தோலின் அடியில் மேடுகள் எழத் தொடங்குகின்றன. அந்தச் சில வாரங்களில் விரல் நுனி எவ்வளவு தடித்திருக்கிறது, தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதெல்லாம் கோடுகளை வளைக்கின்றன. அதனால்தான் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறு. அச்சு மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே சிராய்த்தாலும் பழைய கோடே வரும். அடிவரை வெந்தாலோ வெட்டுப்பட்டாலோ தழும்பு விழும், அந்தத் தழும்பும் ஓர் அடையாளமாகிவிடும். மேட்டு வரிகளில் வியர்வைத் துளைகள் உண்டு. தொட்ட இடமெல்லாம் அந்த ஈரம் ஒட்டுகிறது. கண்ணாடியில், இரும்பில் பொடி தூவினால் தெரியும். காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடும், பொடி உதவாது. அதற்கு நின்ஹைட்ரின் வந்தது. வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் காட்டும் இந்த வேதிப்பொருள் 1910இல் கண்டுபிடிக்கப்பட்டது, ரேகை எடுக்கப் பயன்படும் என்று தெரிந்தது 1954இல். ஜல்பாய்குரிப் பஞ்சாங்கம் இன்று கிடைத்திருந்தால் ரத்தம் படாத பக்கங்களும் பேசியிருக்கும்.

இவ்வளவு பெருமைக்கும் நடுவே நாம் மறக்கக் கூடாத ஒரு நாள் 1920 ஏப்ரல் 3.

குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சாதியில் பிறந்ததையே குற்றத்துக்கு அடையாளமாக்கியது. சென்னை மாகாணத்தில் பிறமலைக் கள்ளர் உட்படப் பல சமூகத்தாரைப் பதிவு செய்து, ரேகை வாங்கி, இரவில் ஊரைவிட்டுப் போகாமல் கட்டுப்படுத்தினார்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் அதற்கு மக்கள் வைத்த பெயரே ரேகைச் சட்டம். எந்தக் குற்றமும் செய்யாத நாங்கள் ஏன் ரேகை வைக்க வேண்டும் என்று பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்து நின்றார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 வரை ஆயிற்று.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலும் இதே போராட்டம் முன்பே நடந்தது. இந்தியர்கள் பதிவு செய்துகொண்டு ரேகை கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டத்திலிருந்துதான் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அந்த நாள்களில் காந்தி ஹென்றியின் கைரேகைப் புத்தகத்தைப் படித்ததாகவும், சட்டப்படி ரேகை கேட்பது குற்றவாளிகளிடம் மட்டும்தான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் பிறந்த ஒரு முறை, கடல் தாண்டிப் போய் அங்கே தமிழரும் குஜராத்தியரும் கூடிச் சிறை செல்லக் காரணமாயிற்று.

ஜல்பாய்குரி நீதிபதிகளின் நிதானம் பிறகு பல இடங்களில் காணாமல் போனது. கைரேகை பொய் சொல்லாது என்ற பேச்சு சினிமா வரை பரவியது. ரேகை பொய் சொல்லாதுதான், அதைப் படிப்பவர் தவறலாம். 2004இல் ஸ்பெயினின் மத்ரித் நகரில் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பை ஒன்றில் கிடைத்த அரைகுறை ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடி, ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று அடித்துச் சொன்னது. ஒருவர் பின் ஒருவராக அதன் வல்லுநர்கள் ஆமோதித்தார்கள். ஸ்பெயின் போலீஸ் ஆரம்பத்திலேயே சந்தேகம் தெரிவித்தும் கேட்கவில்லை. இரண்டு வாரம் அவர் காவலில் இருந்த பிறகு, ரேகை அல்ஜீரியாக்காரர் ஒருவருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. கணினி பல லட்சம் ரேகைகளில் தேடும்போது, மிக நெருங்கிய ஆனால் வேறு ஒருவருடைய ரேகை வந்து நிற்கும் வாய்ப்பு கூடும். கடைசி முடிவு ஒரு மனிதக் கண்ணிடம்தான். அந்தக் கண்ணுக்கு முன்னமே யார் குற்றவாளி என்ற எண்ணம் ஊட்டப்பட்டிருந்தால் அது பார்க்க விரும்பியதைப் பார்க்கும்.

நம் நாட்டில் 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், விரல் ரேகையோடு கருவிழி, உடல் மாதிரிகள் என்று பலவற்றையும் எடுக்க அனுமதி தருகிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். யாரிடம் எடுக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற கேள்விகளைப் பெருங்காமநல்லூரை மனத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

ஹக்குக்கும் போஸுக்கும் என்ன ஆயிற்று? 1900இல் வந்த ஹென்றியின் புத்தகம் உலகப் போலீஸ் துறைகளின் பாடநூல் ஆயிற்று. முறைக்கு ஹென்றி முறை என்றே பெயர் நின்றது. ஹென்றி ரயிலில் போகும்போது திடீரென்று தோன்றி, காகிதம் இல்லாமல் சட்டைக் கைப்பட்டியில் எழுதிக்கொண்டார் என்றுகூட ஒரு கதை உலவியது. ஹக் பல ஆண்டுகள் கழித்துத் தம் உழைப்புக்கு மதிப்பூதியம் கேட்டு மனுப் போட்டார். அப்போது ஹென்றியே, வகைப்பாட்டை முழுமையாக்கியதில் தம் அலுவலர்களில் வேறு எவரையும்விட ஹக்கின் பங்கு பெரிது என்று எழுதிக் கொடுத்தார். போஸின் பங்கையும் ஒப்புக்கொண்டார். தந்தியில் ரேகை விவரம் அனுப்பும் சங்கேத முறையை உண்டாக்கியவர் போஸ். ஹக்குக்குக் கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர், இருவருக்கும் தலா 5,000 ரூபாய். ஹக் 1935இல் பீகாரின் மோதிஹாரியில் காலமானார். இந்த இருவரின் பங்கையும் ஆவணங்களோடு வெளியே கொண்டுவந்ததில் தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜி. எஸ். சோதி, ஜஸ்ஜீத் கௌர் ஆகியோரின் உழைப்பு முக்கியமானது. பிரிட்டனின் கைரேகை வல்லுநர் சங்கம் இன்று ஹக், போஸ் இருவர் பெயரிலும் ஒரு பரிசு வழங்குகிறது.

நம் கல்லூரிகளில் தடயவியல் படிக்க வரும் பிள்ளைகளின் பாடநூல்களில் இன்னமும் ஹென்றி முறை என்று மட்டும்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதை ஹென்றி–ஹக்–போஸ் முறை என்று மாற்றி எழுத ஒரு பைசா செலவில்லை. பாடத்திட்டம் வகுப்பவர்களும் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களும் அடுத்த பதிப்பிலேயே அதைச் செய்ய வேண்டும். அதே பாடத்தில் ஜல்பாய்குரித் தீர்ப்பையும் சேர்க்க வேண்டும்.